கோகிலா கலர்

திரும்பி வந்த கண்டெய்னரைத் திறந்தபோது கம்பெனியில் ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. உள்ளே இருந்தவை வெள்ளை டி-ஷர்ட்டுகள். ஒரு பொட்டு அழுக்கு கிடையாது, ஒரு தையல் பிசகு கிடையாது. ஆனால் ஐரோப்பாவிலிருந்து வாங்குகிறவர்கள் சொல்லியனுப்பியிருந்த சேதி வேறு மாதிரி இருந்தது. முதுகு ஒரு நிறம், கை ஒரு நிறம், கழுத்துப்பட்டி மூன்றாவது நிறம், போட்டுக்கொண்டு வெளியே போனால் ஊர் சிரிக்கிறது என்றார்கள்.

முதலாளி சென்னியப்பன் ஒரு சட்டையை வெயிலில் பிடித்துப் பார்த்தார், டியூப்லைட்டில் பிடித்துப் பார்த்தார், கடைசியில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டும் பார்த்தார். வெள்ளை வெள்ளையாகத்தான் இருந்தது.

"எனக்குக் கண்ணுல பொரையா, இல்ல அவீங்களுக்குப் பைத்தியமா, அம்மிணி?" என்று கோகிலவாணியைக் கேட்டார்.

கோகிலவாணி அந்தத் திருப்பூர்க் கம்பெனியின் ஷேடு ரூம் பொறுப்பாளர். சாயம் போட்டு வந்த துணி, வாங்குகிறவர் கொடுத்த மாதிரித் துணியோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. ஜவுளி ரசாயனம் படித்துவிட்டு வந்து பதினெட்டு வருடமாக அந்த அறையில் அவள் சொல்வது இரண்டே வார்த்தைதான். ஒன்று 'சேருது', இன்னொன்று 'சேரலை'. கப்பல் கிளம்புகிற அவசரத்தில் முதலாளியே வந்து, "கொஞ்சம் பாத்துச் சொல்லு அம்மிணி" என்று குழைந்தபோதும் மூன்றாவது வார்த்தை வந்ததில்லை. கர்வம் பிடித்தவள் என்பார்கள். பிடித்தவள்தான், அதில் ஒளிவு மறைவு என்ன இருக்கிறது? நூறு பேர் 'பரவாயில்லை' என்று தள்ளிவிடுகிற இடத்தில் ஒருத்தி மட்டும் 'சேரலை' என்று நின்றால் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் இருக்கத்தான் வேண்டும்.

விஷயம் பிறகு தெரிந்தது. அங்கே காசுள்ளவர்கள் இப்போது 'பறவைக்கண்' வைத்துக்கொள்கிறார்கள். ஒரு காலத்தில் பச்சை குத்திக்கொண்ட மாதிரி இப்போது இது. அந்தக் கண்ணுக்கு நம்மைவிட ஒரு நிறம் கூடுதலாகத் தெரியும். இனி ஆர்டர் வேண்டும் என்றால், அதே கண் உள்ள ஒருவர் இங்கேயும் இருந்து, சாயம் போட்டு வருகிற ஒவ்வொரு லாட்டையும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். படித்த பையன் யாரையாவது அனுப்பிக் கண் வைத்துக்கொண்டு வரச் சொல்லலாம் என்று முதலாளி யோசித்தார்.

"இந்த ரூமுல எனக்குத் தெரியாத கலரை இன்னொருத்தர் பாத்துச் சொல்றதா? அதுக்கு நான் வீட்டுலயே இருந்துக்குவனுங்க" என்றாள் கோகிலவாணி. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கோயம்புத்தூரில் அந்தச் சிகிச்சை செய்தவர் டாக்டர் ஜெபராணி. நாகர்கோவில்காரர், நிதானமாகப் பேசுகிறவர். எடுத்த எடுப்பில் கண்ணைப் பற்றிப் பேசாமல் ஒரு பறவையின் படத்தைக் காட்டினார்.

"ரீங்காரச் சிட்டு. அமெரிக்கக் கண்டத்துல மட்டும்தான் உண்டு. நம்ம ஊர்த் தேன்சிட்டுன்னு நெனச்சிராதீங்க, அது வேற சாதி. இது அந்தரத்துல அப்படியே நின்னுக்கிட்டுத் தேன் குடிக்கும். பின்பக்கமாவும் பறக்கும். றெக்கை அசையுறது கண்ணுக்குத் தெரியாது, ரீங்காரம் மட்டும் கேக்கும். எந்தப் பூவுல எப்பக் குடிச்சோம், எப்பத் திரும்பத் தேன் ஊறும்னு ஒவ்வொரு பூவையும் ஞாபகம் வெச்சிருக்கும்."

"எத்தாப் பெருசுங்க?"

"சிலது உங்க கட்டைவிரல் தண்டி. நெஞ்சு நிமிஷத்துக்கு ஆயிரம் தடவை அடிக்கும். பகலெல்லாம் தின்னுக்கிட்டே இருக்கணும், இல்லன்னா உயிர் போயிரும். ராத்திரி திங்க முடியாதுல்லா, அதனால உடம்பைச் சில்லுன்னு ஆக்கிக்கிட்டுச் செத்தது மாதிரி கெடக்கும். விடியக்காலம் நடுங்கி நடுங்கிச் சூடேத்தி எந்திரிக்கும். இவ்வளவு நோஞ்சானா இருக்கே, பயந்து சாகும்னு நெனப்பீங்க. தன் பூக்கிட்ட வந்தா பருந்தையே விரட்டும்."

கோகிலவாணிக்கு அந்தப் பறவையை மிகவும் பிடித்துப்போயிற்று.

"அதோட கழுத்துல பாத்தீங்களா, இந்தப் பக்கம் கருப்பு, கொஞ்சம் திரும்புனா நெருப்பு. சாயமே இல்ல, இறகோட அடுக்குல வெளிச்சம் பட்டு வாற நிறம். நிறத்துல அதை மிஞ்ச ஆளில்ல. நம்ம கண்ணு மூணு அடிப்படை நிறத்தை வெச்சுத்தான் எல்லாத்தையும் கலந்து பாக்குது. அதுக்கு நாலு. ஊதாவுக்கும் அந்தப் பக்கம் ஒரு வெளிச்சம் உண்டு, அதையும் பாக்கும். நம்ம லென்ஸு அதை உள்ளயே விடாது. அதனால பொரைக்குச் செய்யுற மாதிரி லென்ஸை மாத்திட்டு, அந்தப் பறவையோட மரபணுவைக் கண்ணுக்குள்ள வைப்போம்." டாக்டர் சற்று நிறுத்தினார். "திரும்ப எடுக்க முடியாது. பின்பக்கமாப் பறக்குறது அதுக்குத்தான், உங்களுக்கு இல்ல."

"துணியைத் தவிர வேற என்னவெல்லாம் தெரியுமுங்க?"

"அது போகப் போகத்தான் தெரியும். துணியை மட்டும் பாருன்னு கண்ணுகிட்டச் சொல்ல முடியாதுல்லா."

கட்டுப் பிரித்துச் சில வாரம் கழித்து ஊர் திரும்பும்போது, சூலூரைத் தாண்டி ஒரு சூரியகாந்திக் காட்டருகே காரை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். எல்லோருக்கும் மஞ்சளாகத் தெரிகிற இதழ்கள் அவளுக்கு இரண்டாகப் பிரிந்திருந்தன. நடுவட்டம் பழைய மஞ்சள். நுனிகளில் பெயரில்லாத ஒரு நிறம். காடு முழுவதும் ஒவ்வொரு பூவும் 'இங்கே வா, இங்கே குடி' என்று வட்டம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தது. இத்தனை வருடம் அது பறவைகளோடும் பூச்சிகளோடும் மட்டும் பேசிக்கொண்டிருந்த பேச்சு. கோகிலவாணிக்கு அழுகை வந்தது. கூடவே, திருப்பூர் ஜில்லாவிலேயே இதைப் பார்க்கிற முதல் ஆள் தான்தான் என்ற நினைப்பும் வந்தது. அந்த நினைப்பு வந்ததும் அழுகை நின்றுவிட்டது.

திரும்பி வந்த டி-ஷர்ட்டுகளைப் பார்த்த மாத்திரத்தில் குற்றம் தெரிந்தது. முதுகுத் துணி, கைத் துணி, கழுத்துப்பட்டி மூன்றும் வேறு வேறு நாளில் வெளுத்தவை. வெண்மைக்குப் போடுகிற ரசாயனம் ஒன்றில் கூடுதல், ஒன்றில் குறைவு. சாதாரணக் கண்ணுக்கு மூன்றும் வெள்ளை. அவளுக்கோ ஒட்டுப்போட்ட சட்டை. ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் பிரித்து, சேருவதோடு சேருவதை மாற்றித் தைக்க வைத்து அனுப்பினாள். ஆர்டர் கைநழுவாமல் நின்றது. அடுத்த ஆர்டர் அதைவிடப் பெரியதாக வந்தது.

அந்த நிறத்துக்குப் பெயர் வேண்டுமே? சாயப்பட்டறைக்காரர்கள் அதிகம் யோசிக்கவில்லை. "இந்த லாட்டுல கோகிலா கம்மி", "அதுல கோகிலா எச்சு" என்று பேச ஆரம்பித்தார்கள். மூன்று மாதத்தில் அவிநாசி ரோடு முழுக்க அது கோகிலா கலர் ஆகிவிட்டது. தன் பெயரில் தெரு வைத்துக்கொண்டவர்கள் உண்டு, பள்ளிக்கூடம் வைத்துக்கொண்டவர்கள் உண்டு. ஒரு நிறத்துக்கே பெயர் வைத்துக்கொண்டவர் வேறு யார்?

அவள் கணவர் விசுவநாதனுக்குக் கால் தரையில் பாவவில்லை. வீதி முனையில் ஒரு பிளக்ஸ் வைத்தார். ஒரு பக்கம் கோகிலவாணி கைகூப்பி நின்றாள், மறுபக்கம் பறவை. அந்தப் பறவை மீன்கொத்தி. அவள் சொல்லி அதை மாற்றினார்கள், அடுத்ததாகத் தேன்சிட்டு வந்தது. மூன்றாம் முறைதான் ரீங்காரச் சிட்டு வந்தது. அப்போதும் அவளுக்கு முழுத் திருப்தி இல்லை. பிளக்ஸ், போன், டிவி எல்லாமே மூன்று நிறத்தில் செய்தவை. அவள் கண்ணுக்குப் படத்தில் இருக்கிற எந்த முகமும் சேறு பூசினாற்போல் தெரிந்தது. அவள் கடனாக வாங்கிய கண்ணுக்குச் சொந்தக்காரப் பறவையைப் படத்தில் பார்த்தால் செத்த பறவையாகத்தான் தெரிந்தது. அது ஒரு குறைதான்.

"அப்ப நான் எப்படித் தெரியறேன்?" என்று விசுவநாதன் ஒருநாள் கேட்டார்.

"போட்டோவுக்கு நேர்ல பரவால்லீங்க" என்றாள். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார்.

ஷேடு ரூமுக்கு வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல் ஒன்று உண்டு. விளக்கு வெளிச்சத்தில் நாலாவது நிறம் தெரியாது, பகல் வெளிச்சம் வேண்டும். அதனால் கோகிலவாணி மேசையை அந்த ஜன்னலடிக்கு மாற்றியிருந்தாள். ஒருநாள் முற்பகல், இரண்டாம் லைனில் தைக்கிற சுகுணவல்லி ஒரு கட்டுத் துணியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். தர்மபுரிப் பக்கத்துப் பெண், ஹாஸ்டலில் தங்கி வேலை செய்கிறவள். கை நீட்டியபோது சட்டைக் கை மேலேறியது. முழங்கைக்கு மேலே நாலு கோடும், எதிர்ப்பக்கம் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கறையும் கோகிலவாணிக்குத் தெரிந்தன. யாரோ இறுக்கிப் பிடித்து முறுக்கிய கை.

"இதென்ன சாமி, கையில?"

சுகுணவல்லி தன் கையைப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை, சுத்தமான தோல். "ஒண்ணுமில்லியேக்கா" என்றவள், கோகிலவாணியின் கண்ணைப் பார்த்ததும் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டாள். "எப்பவோ இடிச்சிக்கிட்டேன்."

அன்று மத்தியானமே கோகிலவாணி டாக்டருக்குப் போன் போட்டாள்.

"ரத்தக்கட்டு மேல ஆறிரும், தோலுக்குள்ள ஆறாது" என்றார் ஜெபராணி. "மாசக்கணக்குல கெடக்கும். நமக்குத் தெரியாது, அந்த வெளிச்சத்துல தெரியும். ரொம்ப நாளாயிட்டுன்னா அதுவும் போயிரும்." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார், "யாருக்கு?"

யாருக்கு என்று கேட்டால் பெரிய வரிசையாக வந்தது. அந்த வாரம் ஜன்னல் பக்கம் வந்த கைகளையெல்லாம் பார்த்தாள். முதல் லைனில் யாருக்கும் இல்லை, மூன்றாவதிலும் இல்லை. இரண்டாம் லைனில் பாதிப் பேருக்கு மேல் இருந்தது. இரண்டாம் லைன் சூப்பர்வைசர் தண்டபாணி, முதலாளியம்மாவின் தம்பி. கம்பெனியிலேயே அதிகச் சட்டை தைத்து இறக்குகிற லைன் அது. மாதா மாதம் அவருக்குத்தான் பரிசு. எப்படி இறக்குகிறார் என்று இப்போது விளங்கியது.

நேரே முதலாளி அறைக்குப் போய்ச் சொன்னாள். சென்னியப்பன் முழுவதையும் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் வீட்டில் சண்டை வருவதை விரும்பாத மனிதர்.

"எனக்கு ஒண்ணும் தெரியலியே, அம்மிணி."

"சட்டையிலயும் உங்களுக்குத் தெரீலீங்க. நான் சொன்னதை நம்புனீங்க."

"துணி வேற, மனுசன் வேற."

"ஆமாங்க. வேறதானுங்க."

அவர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். "வியாழக்கெழமை அவீங்க ஆளு வருது, நெரந்தரமா நம்மளையே வெச்சுக்கறதான்னு முடிவு பண்ண. இந்நேரத்துல சத்தம் போட்டா ஆர்டரும் போகும், இந்தப் புள்ளைக பொழப்பும் போகும். ஒன்ற கண்ணு கம்பெனி வெச்ச கண்ணு. அது துணியை மட்டும் பாக்கட்டும்."

"வெச்சது நீங்கதானுங்க. பாக்கறது நானுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பெண்கள் துணி துவைத்துக் காயப்போடுகிற நேரத்துக்கு ஹாஸ்டலுக்குப் போனாள். வியாழக்கிழமை வருகிறவருக்கும் இதே பறவைக்கண்தான், நீங்கள் கையைக் காட்டினால் நான் பக்கத்தில் நின்று சொல்கிறேன், இருவர் சொன்னால் யாரும் தள்ள முடியாது என்றாள். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அந்தம்மா ரெண்டு மாசம் முன்னாடியே வந்தாங்களேக்கா" என்றாள் சுகுணவல்லி. "முத்தத்துல எங்க கூட குந்திச் சோறு தின்னாங்க. நல்ல வெயிலு. உங்களுக்குத் தெரியறது அவுங்களுக்கும் தெரிஞ்சுதான் இருக்கணும். கைகழுவிட்டுப் போயிட்டாங்க."

கண் இருந்தால் போதும் என்று கோகிலவாணி நினைத்திருந்தாள். இப்போது அந்த அம்மாள் மறுபடியும் வாயை மூடிக்கொண்டால், முதலில் போவது இந்தப் பெண்களின் வேலை, அடுத்து தன் வேலை. இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு வேறெங்கே போவது?

"நான் வடக்கு ஜன்னல்கிட்ட நிப்பேன்" என்றாள் கடைசியாக. "வாரவங்க வாங்க. வராட்டியும் கோவிச்சுக்க மாட்டேன். ஆனா நான் கண்டது கண்டதுதான். அதை மாத்திச் சொல்ல மாட்டேன்."

வியாழக்கிழமை வந்தவள் சுவேந்தினி. நார்வேயில் பிறந்தவள், யாழ்ப்பாணத்துத் தாய் தகப்பன். முப்பது வயதிருக்கும். ஒவ்வொரு லாட்டாக ஜன்னலடியில் விரித்துப் பார்த்தாள். "நல்ல வடிவாச் செய்திருக்கிறியள்" என்றாள். சென்னியப்பன் முகம் மலர்ந்தது. தண்டபாணி ஓடிப்போய் இளநீர் வெட்டிக்கொண்டு வந்தார். இரண்டு கண்களும் ஒத்துக்கொண்டதாகச் சுவேந்தினி ஒரு கையெழுத்து, கோகிலவாணி ஒரு கையெழுத்துப் போட்டால் முடிந்தது.

"துணி சேருதுங்க" என்றாள் கோகிலவாணி. "ஆனா நான் போட மாட்டேன். தைச்ச கைகளைப் பாத்துட்டுத்தான் போடுவேன்."

திறந்த கதவுக்கு வெளியே இரண்டாம் லைன் மெஷின்களின் இரைச்சல் அப்படியே அடங்கியது. சுவேந்தினி இளநீரைக் கீழே வைத்தாள்.

"நான் போனமுறையும் கண்டனான், அக்கா" என்றாள் மெதுவாக. "என்னட்டைத் துணியைப் பற்றி மட்டும்தான் கேட்டவை."

"என்றகிட்டயும் துணியைத்தான் கேட்டாங்க."

முதலில் எழுந்தவள் சுகுணவல்லி. மெஷினை அணைத்துவிட்டு, லைன் நடுவே நடந்து ஷேடு ரூமுக்குள் வந்து, ஜன்னலடியில் சட்டைக் கையைச் சுருட்டினாள். கோகிலவாணி பார்த்து "தெரியுது" என்றாள். சுவேந்தினி கொஞ்சம் தயங்கி, "ஓம்" என்று ஆமோதித்தாள். அடுத்து ஒருத்தி வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. தலை குனிந்து வந்தவர்கள் திரும்பும்போது நிமிர்ந்து போனார்கள். சென்னியப்பனுக்குத் தெரிந்ததெல்லாம் வெறும் கைகள். மாசு மருவற்ற கைகளை இரண்டு பெண்கள் ஒவ்வொன்றாகப் படிப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றவருக்கு வியர்த்தது. தன் கண்ணைத்தான் முதலில் நம்பாமல் போனார், பிறகு மச்சினனை. கோகிலவாணிக்கு அந்த வரிசையைப் பார்க்கப் பார்க்க நெஞ்சு விம்மியது. சூரியகாந்திக் காட்டில் வந்த பெருமை இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

கடைசியாக வந்தவள் அஞ்சலை. லைனிலேயே மூத்தவள். அவளைத் தண்டபாணி பிடித்து முறுக்கியதில் தோள்பட்டை இறங்கி, ஒரு மாதம் கை தூக்க முடியாமல் கிடந்தாள். படியில் விழுந்ததாகச் சொல்லச் சொன்னார்கள், சொன்னாள். நடந்து ஒன்றரை வருடம் ஆயிற்று. கையை ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டிவிட்டு, முகத்தை நிமிர்த்திக்கொண்டு நின்றாள்.

கோகிலவாணி பார்த்தாள். கையைத் திருப்பிப் பார்த்தாள், தோள் வரைக்கும் பார்த்தாள். ஒன்றும் இல்லை. அத்தனை நாளில் தோல் மறந்துவிட்டது.

தண்டபாணிக்கு அது புரிந்துவிட்டது. அதுவரை சுவரோரம் வெளிறிப்போய் நின்றவர் ஒரு எட்டு முன்னால் வந்தார். "என்னுங் மேடம்," என்றார். "சேருதா, சேரலையா?"

பதினெட்டு வருடத்தில் கோகிலவாணி இல்லாததை இருக்கிறது என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அவள் வைத்திருந்த சொத்து அது ஒன்றுதான். அஞ்சலை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியுது" என்றாள் கோகிலவாணி.

சுவேந்தினி அஞ்சலையின் கையை வாங்கினாள். வெளிச்சத்துக்குத் திருப்பினாள். வெகுநேரம் பார்த்தாள். அவளுக்கும் அதே கண். இல்லாதது அவளுக்கும் இல்லாததுதான். பிறகு தலையை நிமிர்த்திக் கோகிலவாணியைப் பார்த்தாள்.

"ஓம்" என்றாள். "எனக்கும் வடிவாத் தெரியுது."

அஞ்சலை சட்டைக் கையை இறக்காமலே தன் மெஷினுக்கு நடந்தாள்.